லினக்ஸில் விஎல்சி: பார்த்துக்கொண்டே குறைகளைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வீடியோ பிளேயர்கள் நிறையவே இருக்கின்றன. எம்பிவி, செல்லுலாய்டு, எஸ்எம்பிளேயர், ஹருணா என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது விஎல்சி. பலருடைய கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் "எந்த ஃபைலைக் கொடுத்தாலும் ஓடும்" என்பதற்கு மேல் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. வசனம் காதில் விழவில்லை, சப்டைட்டில் இரண்டு நொடி பிந்தி வருகிறது, போனில் எடுத்த வீடியோ படுத்துக் கிடக்கிறது. இந்த மாதிரிக் குறைகளை எல்லாம் மூல ஃபைலில் கைவைக்காமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்ய அதில் வழி இருக்கிறது. டெர்மினலைத் திறக்கவே வேண்டாம். மவுஸும் கீபோர்டும் போதும்.

விஎல்சி 1996-ல் பாரிஸில் எக்கோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம். கல்லூரி வளாக நெட்வொர்க்கில் வீடியோவை அனுப்பி, மறுமுனையில் பார்ப்பதுதான் அவர்களுடைய நோக்கம். 2001 பிப்ரவரி 1 அன்று ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் கீழ் அதன் மூலநிரல் பொதுவில் வந்தது. நெட்வொர்க்கில் வரும் வீடியோவில் நடுவில் சில துண்டுகள் தொலைந்துபோவது சகஜம். தொலைந்ததை விட்டுவிட்டு மேலே ஓட வேண்டும் என்ற தேவை அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. பாதி டவுன்லோடு ஆன ஃபைலையும், கொஞ்சம் பழுதான ஃபைலையும் விஎல்சி ஓட்டிக்காட்டுவது இதனால்தான்.

இந்த வழிகாட்டி விஎல்சி 3 பதிப்பை வைத்து எழுதப்பட்டது. லினக்ஸில் விஎல்சியின் மெனு மொழி, உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பின்பற்றும். பெரும்பாலானோர் ஆங்கில மெனுதான் வைத்திருப்பார்கள் என்பதால் அந்தப் பெயர்களையே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

எங்கிருந்து நிறுவுவது?

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் சாஃப்ட்வேர் சென்டரைத் திறந்து விஎல்சி என்று தேடினால் கிடைத்துவிடும். உபுண்டுவில் ஸ்னாப், டெப் என இரண்டு பேக்கேஜ் வடிவங்கள் கிடைக்கும். என் தேர்வு டெப். ஸ்னாப் வடிவம் ஒரு வேலிக்குள் ஓடுவதால், புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களுக்குள் அதனால் போக முடியாது. பென் டிரைவில் இருக்கும் படம் திறக்கவில்லை என்றாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்: அந்தச் செயலிக்கான பெர்மிஷன் பக்கத்தில் வெளிச் சேமிப்பகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபெடோரா வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. காப்புரிமைச் சிக்கல் உள்ள கோடெக்குகள் (ஒலி, ஒளியைச் சுருக்கி விரிக்கும் நிரல்கள்) அங்கிருந்துதான் முழுமையாக வரும். கடையில் வாங்கிய டிவிடி ஓடவில்லை என்றால் அதன் பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகம் இல்லை என்று பொருள். டெபியனிலும் உபுண்டுவிலும் அதை நிறுவுவதற்கென்றே தனி பேக்கேஜ் இருக்கிறது.

முதல்முறை திறக்கும்போது, இணையத்திலிருந்து பாடல் அட்டைப்படம், விவரம் எல்லாம் எடுக்கலாமா என்று விஎல்சி கேட்கும். வேண்டாம் என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். வீடியோ பார்ப்பதற்கு அதனால் எந்தக் குறையும் வராது.

கைக்குப் பழக வேண்டிய விசைகள்

ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். எஃப் எழுத்து முழுத்திரை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டியது, தாண்டிச் செல்லும் விசைகளை. இடது வலது அம்புக்குறியோடு ஷிஃப்ட் சேர்த்தால் 3 நொடி, ஆல்ட் சேர்த்தால் 10 நொடி, கன்ட்ரோல் சேர்த்தால் 1 நிமிடம், கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்தால் 5 நிமிடம். ஒரு வசனத்தை மறுபடி கேட்க ஷிஃப்ட் + இடது அம்பு. பாட்டைத் தாண்ட கன்ட்ரோல் + வலது அம்பை நான்கைந்து முறை தட்டினால் போதும். சில டெஸ்க்டாப்புகளில் கன்ட்ரோல் + ஆல்ட் + அம்பு என்பது ஒர்க்ஸ்பேஸ் மாற்றுவதற்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே 5 நிமிடத் தாவல் வேலை செய்யாது. டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, ஹாட்கீஸ் பக்கத்தில் வேறு விசை கொடுத்துக்கொள்ளலாம்.

குறிப்பிட்ட நேரத்துக்கு நேராகப் போக கன்ட்ரோல் + டி (T). சின்னப் பெட்டி வரும், மணி நிமிடம் நொடி கொடுத்தால் அங்கே போய் நிற்கும். அந்த டி-ஐ (T) மட்டும் தட்டினால் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று திரையில் ஒரு கணம் காட்டும்.

அதே ஹாட்கீஸ் பக்கத்தில் இன்னொரு அமைப்பும் உண்டு. மவுஸ் சக்கரம் உருட்டினால் ஒலி கூடிக் குறைவது வழக்கம். அதை, வீடியோ முன்பின் நகர்வதாக மாற்றலாம், அல்லது எதுவுமே நடக்காதபடி விடலாம். டச்பேடு வைத்திருப்பவர்களுக்குக் கை தவறிப் பட்டு ஒலி எகிறுவது பெரிய தொல்லை. அவர்கள் 'இக்னோர்' தேர்ந்தெடுத்துவிட்டால் நிம்மதி.

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா? பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் 'கன்டினியூ பிளேபேக்' என்று ஒன்று இருக்கும். ஒருபோதும் வேண்டாம், கேட்டுவிட்டுச் செய், எப்போதும் தொடர் என்று மூன்று தேர்வுகள். தொடர்களைப் பல நாளாகப் பார்ப்பவர்களுக்கு மூன்றாவதுதான் சரி.

வசனம் கேட்கவில்லை, சண்டைக்காட்சி வீட்டை அதிரவைக்கிறது

இந்தப் புகார் எல்லா வீட்டிலும் உண்டு. ராத்திரி படம் பார்க்கும்போது வசனத்துக்காக ஒலியைக் கூட்டுகிறோம், அடுத்த நிமிடம் வெடிச்சத்தம் வந்து தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிறது. உடனே எல்லோரும் கை வைப்பது ஒலி அளவில்தான். விஎல்சி 100 சதவீதத்தைத் தாண்டி 125 வரை கொடுக்கிறது. முழு அமைப்புகளுக்குள் போனால் அந்த எல்லையை இன்னும் உயர்த்தவும் முடியும். ஆனால் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே உயர்த்தும், ஒரு அளவுக்கு மேல் ஒலி கரகரக்கவும் செய்யும். இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தே இல்லை.

இதற்குச் சரியான கருவி கம்ப்ரஸர். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. இப்படிச் செய்யுங்கள்:

1. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல் + இ அழுத்துங்கள். 'அட்ஜஸ்ட்மென்ட்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' சாளரம் திறக்கும்.
2. ஆடியோ எஃபெக்ட்ஸில் கம்ப்ரஸர் பக்கத்துக்குப் போய் 'எனேபிள்' என்பதில் டிக் போடுங்கள்.
3. 'த்ரெஷோல்டு' என்ற பட்டையை மைனஸ் 20 டெசிபல் அருகே இறக்குங்கள். இந்த அளவைத் தாண்டும் சத்தத்தைத்தான் அது அமுக்கும்.
4. 'ரேஷியோ'வை 6-க்கும் 10-க்கும் நடுவில் வையுங்கள். எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்பது இது.
5. 'மேக்கப் கெயின்' பட்டையை 10 டெசிபல் வரை ஏற்றுங்கள். அமுக்கியதால் மொத்தமாகக் குறைந்த ஒலியை இது தூக்கிவிடும். வசனம் மேலே வருவதை உடனே கேட்கலாம்.
6. பிடித்த அளவு வந்ததும் 'சேவ்' கொடுங்கள். கொடுக்காமல் மூடினால் அடுத்த முறை பழையபடிதான் இருக்கும்.

மேலே சொன்ன எண்கள் தொடங்குவதற்கு மட்டும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். ஒரு வசனக் காட்சி, ஒரு சத்தமான காட்சி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக் காதாலேயே முடிவு செய்யுங்கள். இசை நிகழ்ச்சி கேட்கும்போது மட்டும் கம்ப்ரஸரை அணைத்துவிட வேண்டும். பாடகர் குரலைத் தாழ்த்தி உயர்த்துகிற அழகு அதில் அடிபட்டுப் போகும்.

உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை என்றால் ஜே, கே விசைகள். குரல் பிந்தி வந்தால் ஜே, முந்தி வந்தால் கே. ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி நகரும். ப்ளூடூத் ஹெட்போனில் இது அடிக்கடி தேவைப்படும்.

பழைய கரோக்கி விசிடிகளில் ஒரு பழக்கம் இருந்தது: ஒரு பக்கம் குரலோடு, மறுபக்கம் இசை மட்டும் என்று பதிவு செய்வார்கள். அப்படியே ஓட்டினால் இரண்டும் கலந்து குழப்பமாக இருக்கும். ஆடியோ மெனுவில் 'ஸ்டீரியோ மோடு' போய் இடது அல்லது வலது என்று தேர்ந்தெடுத்தால் ஒன்று மட்டும் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கும்.

தமிழ் ஒலித்தடம் தானாக வர

இப்போது ஒரே ஃபைலில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என நான்கைந்து ஒலித்தடங்கள் இருப்பது சாதாரணம். திறந்ததும் வேறு மொழி ஒலிக்கும். பி (B) எழுத்தைத் தட்டித் தட்டி மாற்றலாம். ஒவ்வொரு முறையும் தட்டுவதைவிட ஒரேயடியாகச் சொல்லிவைப்பது மேல். பிரிஃபரன்சஸில் ஆடியோ பக்கத்தின் கீழே 'பிரிஃபர்டு ஆடியோ லாங்குவேஜ்' என்ற கட்டத்தில் தமிழுக்கான மொழிக் குறியீட்டை எழுதுங்கள்: டி, ஏ, எம் (tam) என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள், இடைவெளி இல்லாமல். ஒரு காற்புள்ளி போட்டு ஆங்கிலத்துக்கான இ, என், ஜி (eng) சேர்த்துவிட்டால், தமிழ் இல்லாத படத்தில் ஆங்கிலம் வரும். சப்டைட்டில் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கட்டம் உண்டு. ஃபைலைத் தயாரித்தவர் ஒலித்தடத்துக்கு மொழி குறித்திருந்தால்தான் இது பலிக்கும். குறிக்காத ஃபைல்களில் பி எழுத்துதான் கதி.

தமிழ் ஒலி தனி ஃபைலாக இருக்கிறதா? அதற்கும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாத வழி. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ அழுத்தி வீடியோ ஃபைலைச் சேருங்கள். கீழே 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' டிக் போட்டால் 'பிளே அனதர் மீடியா சிங்க்ரனஸ்லி' என்று ஒரு வரி தெரியும். அதில் டிக் போட்டு, பிரவுஸ் மூலம் ஆடியோ ஃபைலைக் காட்டி, பிளே கொடுங்கள். ஓடத் தொடங்கியதும் ஆடியோ மெனுவில் அது இன்னொரு தடமாக நிற்கும். நேரம் கொஞ்சம் தள்ளியிருந்தால் மேலே சொன்ன ஜே, கே விசைகளாலேயே பொருத்திவிடலாம்.

சப்டைட்டில்: கட்டம் கட்டமாகத் தெரிவதிலிருந்து நேரம் பொருத்துவது வரை

சப்டைட்டில் ஃபைலுக்கு வீடியோவின் பெயரையே வைத்து அதே ஃபோல்டரில் போட்டுவிட்டால் விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். பெயர் வேறாக இருந்தால் ஃபைலை இழுத்து ஓடும் படத்தின் மேல் போடலாம், அல்லது சப்டைட்டில் மெனுவில் 'ஆட் சப்டைட்டில் ஃபைல்' வழியாகச் சேர்க்கலாம். வி எழுத்து ஒவ்வொரு சப்டைட்டிலாக மாற்றும்.

தமிழ் சப்டைட்டிலில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. பார்த்தவுடனே எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலாவது, எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிவது. தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது விஎல்சி தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். சாஃப்ட்வேர் சென்டரிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். பிறகு பிரிஃபரன்சஸில் 'சப்டைட்டில்ஸ்' பக்கம் போய் ஃபான்ட் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, விஎல்சியை மூடித் திறக்க வேண்டும்.

இரண்டாவது, தமிழுக்குப் பதில் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் குவியலாக வருவது. இது எழுத்துருக் கோளாறு இல்லை, என்கோடிங் (எழுத்துகளை ஃபைலில் எண்களாகக் குறிக்கும் முறை) கோளாறு. அதே பக்கத்தில் 'டிஃபால்ட் என்கோடிங்' என்பதை யூனிவர்சல் யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால், அந்த சப்டைட்டில் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியீட்டில் எழுதப்பட்டதாக இருக்கலாம். விஎல்சி பட்டியலில் திஸ்கி கிடையாது. அந்த ஃபைலை ஒரு எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி, டெக்ஸ்ட் எடிட்டரில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துக்கொண்டு வந்தால்தான் வேலை நடக்கும்.

அளவும் தோற்றமும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற வானம் போன்ற காட்சிகளில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். எழுத்தின் விளிம்புக் கோட்டைத் தடிமனாக்குங்கள், அல்லது 'ஆட் எ பேக்கிரவுண்ட்' டிக் போட்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு இருண்ட பட்டையை வையுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு வளைவும் சுழியும் அதிகம். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் ண, ன, ள எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு தெரியும். தமிழுக்கு ஒரு படி பெரிதாக வைப்பதே கண்ணுக்கு இதம். பார்க்கும்போதே பெரிதாக்க வேண்டுமானால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டலாம்.

சரி, நேரம் பொருத்துவதற்கு வருவோம். சப்டைட்டில் பிந்தி வந்தால் ஜி, முந்தி வந்தால் ஹெச். இதுவும் தட்டுக்கு 50 மில்லி நொடிதான். அரை நொடி தள்ளலுக்கு இது போதும். பத்து நொடி தள்ளியிருந்தால் இருநூறு முறை தட்டவா முடியும்? அதற்கு ஒரு நேர்த்தியான முறை வைத்திருக்கிறார்கள்:

1. ஒரு வசனத்தைக் குறிவையுங்கள். யாராவது ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வசனம் என்றால் சுலபமாகப் பிடிபடும்.
2. அந்தக் குரல் காதில் விழும் கணத்தில் ஷிஃப்ட் + ஹெச் அழுத்துங்கள்.
3. அதே வசனத்தின் எழுத்து திரையில் தோன்றும் கணத்தில் ஷிஃப்ட் + ஜே அழுத்துங்கள்.
4. ஷிஃப்ட் + கே அழுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை விஎல்சி கணக்கிட்டு ஒரே தள்ளலில் பொருத்திவிடும்.

வேற்றுமொழிப் படமாக இருந்தாலும் பெயர்கள் காதில் பிடிபடும் என்பதால் இந்த முறை அங்கேயும் கைகொடுக்கும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஜி, ஹெச் கொண்டு நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகிக்கொண்டே வந்தால் நோய் வேறு. நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும் பிரதிக்காக எழுதிய சப்டைட்டிலை, 23.976 சட்டகம் ஓடும் பிரதியோடு சேர்த்தால் இப்படித்தான் ஆகும். கன்ட்ரோல் + இ திறந்து 'சிங்க்ரனைசேஷன்' பக்கத்தில் 'சப்டைட்டில் ஸ்பீடு' அளவை ஒன்றிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும். படத்தின் தொடக்கம், நடு, இறுதி மூன்று இடத்திலும் போய்ச் சோதித்தால் சரியான எண் அகப்படும். இந்தப் பொருத்தம் எதுவும் ஃபைலில் எழுதப்படுவதில்லை, மறுநாள் திறந்தால் மறுபடி செய்ய வேண்டும். அடிக்கடி பார்க்கும் படம் என்றால், அதைவிட சப்டைட்டில் எடிட்டர் ஒன்றில் நிரந்தரமாகத் திருத்திக்கொள்வதே உத்தமம்.

பாட வீடியோ பார்க்கிறவர்களுக்கு

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இசைக்கருவி பழகுகிறவர்கள், நடனம் கற்கிறவர்கள் எல்லோருக்கும் விஎல்சி ஒரு நல்ல துணை. வியூ மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' டிக் போட்டால் பிளே பட்டனுக்கு மேலே நான்கு பட்டன்கள் புதிதாக வரும்: பதிவு, ஸ்னாப்ஷாட், ஏ-பி லூப், ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துவது.

நான்கில் ஏ-பி லூப்தான் ராஜா. ஒரு கமகமோ அடவோ பிடிபடவில்லை என்றால், அது தொடங்கும் இடத்தில் லூப் பட்டனை ஒருமுறை, முடியும் இடத்தில் இன்னொரு முறை அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது முறை அழுத்தினால் விடுபடும். அதோடு வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம்: [ விசை வேகத்தைச் சிறிது குறைக்கும், ] கூட்டும், = இயல்பு வேகத்துக்குக் கொண்டுவரும். குறைத்தாலும் கூட்டினாலும் சுருதி மாறாது என்பதுதான் இதில் முக்கியம். அப்படி மாறினால் பிரிஃபரன்சஸின் ஆடியோ பக்கத்தில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிதானமாகப் பேசும் ஆசிரியரின் பாடத்தை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் கேட்பவர்களுக்கும் இதே விசைகள்.

இ எழுத்து ஒவ்வொரு சட்டகமாக முன்னே நகர்த்தும். பந்துவீச்சாளரின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பின்னோக்கி ஒவ்வொன்றாகப் போக விஎல்சி 3-ல் விசை கிடையாது. ஷிஃப்ட் + இடது அம்பால் 3 நொடி பின்னே போய் மறுபடி வரவேண்டும். பின்னோக்கியும் போக வேண்டும் என்பவர்களுக்கு எம்பிவி பொருத்தம்.

கரும்பலகையில் எழுதியதை எடுத்துவைக்க ஷிஃப்ட் + எஸ். படம் உங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரில் போய்ச் சேரும்; வீடியோவின் முழுத் துல்லியத்தில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் மாதிரிப் பட்டன்கள் எல்லாம் அதில் விழாது. சேமிக்கும் இடத்தையும் வடிவத்தையும் பிரிஃபரன்சஸின் வீடியோ பக்கத்தில் மாற்றலாம்.

ஷிஃப்ட் + ஆர் பதிவு. ஓடும் வீடியோவில் தேவையான பகுதி வந்ததும் அழுத்தி, முடிந்ததும் மறுபடி அழுத்தினால் அந்தத் துண்டு தனி ஃபைலாகக் கிடைக்கும். மறுபடி என்கோடு செய்யாமல் அப்படியே நறுக்குவதால் தரம் குறையாது. ஆனால் தொடக்கம் ஓரிரு நொடி முன்பின்னாக அமையலாம் என்பதால், கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

நீளமான வகுப்பில் பல இடங்களைக் குறித்துவைக்க கன்ட்ரோல் + பி (B). புக்மார்க் சாளரம் வரும், 'கிரியேட்' கொடுத்தால் அப்போதைய நேரம் பதிவாகும். விஎல்சியை மூடினால் இவை போய்விடும். காக்க வேண்டுமானால் மூடுவதற்கு முன் கன்ட்ரோல் + ஒய் அழுத்தி பிளேலிஸ்டாகச் சேமித்துவையுங்கள், அடுத்தமுறை வீடியோவுக்குப் பதிலாக அந்த பிளேலிஸ்டைத் திறங்கள்.

குறிப்பெடுத்துக்கொண்டே பார்க்க, வியூ மெனுவில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' போட்டு, கன்ட்ரோல் + ஹெச் அழுத்திப் பட்டன்களை மறைத்துவிட்டால், சின்னச் சாளரமாக ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் குறைகள்

போனில் எடுத்து, படுத்துக் கிடக்கும் வீடியோவுக்கு: கன்ட்ரோல் + இ, வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியாமெட்ரி. அங்கே 'டிரான்ஸ்ஃபார்ம்' டிக் போட்டு 90 அல்லது 270 டிகிரி கொடுங்கள். பார்த்து முடித்ததும் டிக்கை எடுக்க மறக்கவேண்டாம், இல்லையென்றால் அடுத்த படமும் திரும்பியே நிற்கும்.

முகங்கள் ஒட்டிப்போனது போலவோ குண்டாகவோ தெரிந்தால் ஏ எழுத்தைத் தட்டி விகிதத்தை மாற்றுங்கள். சி எழுத்து ஓரங்களை வெட்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும் படங்களுக்கு அது உதவும். இருட்டாக எடுத்த காட்சிகளுக்கு வீடியோ எஃபெக்ட்ஸின் முதல் பக்கத்தில் பிரைட்னஸ், காமா இரண்டும் உண்டு. காமாவை மட்டும் தொட்டாலே பெரும்பாலும் போதும், பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

பழைய டிவி பதிவுகளிலும் டிவிடிகளிலும் யாராவது வேகமாக நகர்ந்தால் விளிம்பில் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தெரியும். அது இன்டர்லேஸ் முறையில் பதிவானதன் அடையாளம். டி (D) எழுத்தை அழுத்தினால் டீஇன்டர்லேஸ் ஓடத் தொடங்கும். வீடியோ மெனுவில் 'டீஇன்டர்லேஸ் மோடு' போய் யாடிஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய குடும்ப வீடியோக்கள் இதில் நன்றாகத் தெளியும்.

4கே வீடியோ விக்கிக்கொண்டு ஓடினால்

கணினியின் விசிறி அலறுகிறது, படம் நின்று நின்று ஓடுகிறது என்றால் சுருக்கிய வீடியோவை விரிக்கும் டீகோடிங் வேலை முழுவதும் சிபியுவின் தலையில் விழுகிறது. பிரிஃபரன்சஸில் 'இன்புட் / கோடெக்ஸ்' பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஆக்ஸிலரேட்டடு டீகோடிங்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு விஏ-ஏபிஐ வழியும், என்விடியாவுக்கு விடிபிஏயு வழியும் பயன்படும். இதற்கு உரிய டிரைவர் பேக்கேஜ் கணினியில் இருக்க வேண்டும்: ஏஎம்டிக்கு மெசா தொகுப்பிலிருந்து, புதிய இன்டெலுக்கு இன்டெல் மீடியா டிரைவர்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, வீடியோ ஓடும்போது சிஸ்டம் மானிட்டரைத் திறந்து சிபியு அளவைக் கவனியுங்கள். கன்ட்ரோல் + ஜே அழுத்தினால் வீடியோ எந்தக் கோடெக்கில் இருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் உள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாவலில் தொலைந்த சட்டகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது என்று அர்த்தம். சிபியு ஓய்வாக இருக்கிறது, ஆனால் பச்சைக் கோடுகளும் சிதறலும் தெரிகின்றன என்றால் டிரைவரில் கோளாறு. ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வைஃபை வழியாக வேறு கணினியிலிருந்து ஓட்டும்போது விக்கினால் மேலே சொன்னது எதுவும் உதவாது. அதே பக்கத்தின் கீழே உள்ள கேச்சிங் (வீடியோவை முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்துவைப்பது) அளவைக் கூட்ட வேண்டும்.

போனிலிருந்தே இயக்க

லினக்ஸில் எம்பிரிஸ் என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. பிளேயர்களும் டெஸ்க்டாப்பும் பேசிக்கொள்ளும் வழி அது. விஎல்சி அதை ஆதரிக்கிறது. கீபோர்டின் மீடியா விசைகள் விஎல்சி பின்னால் மறைந்திருந்தாலும் வேலை செய்வது இதனால்தான். கேடிஇ கனெக்ட் செயலியைக் கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்தால், போனின் மல்டிமீடியா பக்கத்திலிருந்து நிறுத்தலாம், தாண்டலாம், ஒலியை மாற்றலாம். க்னோம் டெஸ்க்டாப்பில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்கனெக்ட் என்ற நீட்சி இதே வேலையைச் செய்யும். மடிக்கணினியை டிவியோடு கேபிளில் இணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி. விஎல்சியிலேயே பிரவுசர் வழி இயக்கும் வசதியும் உண்டு. கடவுச்சொல் அமைப்பது, போர்ட் பார்ப்பது என்று அதற்கு வேலை அதிகம்.

வடிவம் மாற்றுவது

சொற்பொழிவு வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் எடுத்து நடக்கும்போது கேட்க வேண்டுமா? கன்ட்ரோல் + ஆர் அழுத்தி ஃபைலைச் சேருங்கள். 'கன்வர்ட் / சேவ்' கொடுத்து, புரொஃபைலில் ஆடியோ எம்பி3 தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமும் பெயரும் கொடுத்து, ஸ்டார்ட் அழுத்துங்கள். வீடியோ ஓடும் பட்டையே முன்னேற்றத்தைக் காட்டும். அது முடிவுக்கு வந்தால் வேலை முடிந்தது. ஒலி எடுக்க இது போதும். வீடியோவையே சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற செயலி சிறந்தது, தரத்தையும் அளவையும் அதில் இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.

எல்லாம் குழம்பிவிட்டால்

இத்தனை அமைப்புகளையும் மாற்றிப் பார்க்கும்போது எதைத் தொட்டதால் எது கெட்டது என்று தெரியாமல் போகலாம். பிரிஃபரன்சஸ் சாளரத்தின் கீழே 'ரீசெட் பிரிஃபரன்சஸ்' பட்டன் இருக்கிறது. எல்லாம் நிறுவிய நாள் நிலைக்குத் திரும்பும். விஎல்சி திறக்கவே மறுத்தால், ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டருக்குப் போய் கன்ட்ரோல் + ஹெச் அழுத்துங்கள். மறைவு ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் விஎல்சி பெயரில் ஒன்று இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். ஸ்னாப், ஃபிளாட்பேக் வடிவங்களில் இந்த ஃபோல்டர் அவற்றின் சொந்த இடத்தில் இருக்கும், அங்கே தேட வேண்டும். எல்லாம் நன்றாக அமைந்திருக்கும் ஒரு நாளில் அந்த ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணினியை மாற்றும்போது அதைப் போட்டால், உங்கள் கம்ப்ரஸர் அளவும் எழுத்துருவும் மொழித் தேர்வும் அப்படியே வந்துவிடும்.